வலப்பக்கம் போன வளையங்கள்

இது நடந்தது ராத்திரியில் இல்லை. மத்தியானம் இரண்டு பத்துக்கு ஆரம்பித்து மாலை ஐந்து நாற்பதுக்கு முடிந்தது. பட்டறையில் என் மேசைக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம். அதனால் நேரத்தில் தப்பு இல்லை. நடந்ததிலும் தப்பு இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

செபு தீவில் மோல்போல் கடற்கரையில் டெலியா அக்காவின் பட்டறை இருக்கிறது. கடலுக்குள் முக்குளிக்கிறவர்களின் சாமான்களைப் பழுது பார்க்கும் இடம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து நான் அங்கே பட்டை தைக்கிறேன். காற்று உருளையை முதுகில் சுமக்க இரண்டு அங்குல அகலத்தில் ஒரு நீளப் பட்டை வேண்டும். இரண்டு தோளிலும் ஏறி, இடுப்பைச் சுற்றி வந்து, வயிற்றில் பூட்டும். விளக்கையும் மற்ற சாமானையும் மாட்ட அதில் டி வடிவ வளையங்கள் கோத்திருக்கும். வளையம் நகராமல் பிடிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டத் தகடு. அவ்வளவுதான். ஆனால் அந்த இரும்புச் சாமான் மட்டமாக இருந்தால் முப்பது மீட்டர் ஆழத்தில் உயிர் போகும்.

மறுநாள் காலை ஏழு மணிப் படகில் என் அண்ணன் ரெனான்டேவுக்குப் பரீட்சை மாதிரி ஒரு முக்குளிப்பு. கொரியக்காரர் ஒருவர் ஆழக்கடல் வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார். அண்ணனின் பழைய பட்டையை இழுத்துப் பார்த்தார். தகடு வழுக்கியது. "இதைப் போட்டுக்கிட்டு என் படகுல ஏறாதே" என்று சொல்லிவிட்டார். அதற்குள் புதுசு இல்லையென்றால் அந்த இடம் வேறொருவனுக்கு.

மூன்று நாளாக நான் சாமான் தேடினேன். சும்மா சொல்லவில்லை, அலைந்தேன். முதல் கடையில் வளையம் பளபளவென்று இருந்தது. காந்தத்தைக் காட்டினேன், தாவிப் பிடித்துக்கொண்டது. எவர்சில்வர் என்று சொல்லி முலாம் பூசிய இரும்பை விற்கிறான். உப்புத் தண்ணீரில் ஒரு மாதம் தாங்காது. இரண்டாவது கடையில் பைக்குப் போடும் வளையம், பட்டை உள்ளேயே நுழையவில்லை. மூன்றாவதில் அளவு சரி, ஆனால் என் கையாலேயே வளைந்தது. நான்காவதில் தகட்டின் விளிம்பு பிளேடு மாதிரி. பட்டையை ஒரு வாரத்தில் அறுத்துவிடும். மணிலாவிலிருந்து வரவேண்டிய பொட்டலம் புயலால் ஏதோ துறைமுகத்தில் கிடந்தது. அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அன்று மத்தியானம் இரண்டு பத்துக்கு அண்ணன் நனைந்துகொண்டே வந்தான். கையில் ஒரு பால் டின். மேசையில் கொட்டினான்.

வளையங்கள், தகடுகள், ஒரு இடுப்புப் பூட்டு.

காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. வளைத்துப் பார்த்தேன். அசையவில்லை. விளிம்பெல்லாம் அரத்தால் ராவி மழமழவென்று இருந்தது. தகடுகளில் பட்டையைக் கவ்வ சின்னச் சின்னப் பல் வெட்டியிருந்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து கையால் வெட்டிய பல்.

"எங்கடா புடிச்ச?" என்றாள் டெலியா அக்கா.

"துக்க வீட்ல. கிரிசாந்தோன்னு ஒரு பெரியவர். என் கூட்டாளியோட மாமா. அந்தக் காலத்துல முக்குளிச்சவராம். நான் பாத்ததே இல்ல, பெட்டில கண்ணாடி வழியா மொகம் மட்டும்தான் பாத்தேன். அவர் பொண்டாட்டி குடுத்தாங்க."

"அங்கேருந்து எங்க போன?"

"எங்க போறது? நேரா இங்கதான்."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "ரொட்டிக் கடையில கூடவா நிக்கல?"

எங்கள் பக்கம் துக்க வீட்டிலிருந்து யாரும் நேராக வீட்டுக்கோ வேலைக்கோ வர மாட்டார்கள். நடுவில் எங்காவது நின்று ஒரு காப்பி, ஒரு ரொட்டி. செத்தவர் கூடவே வந்தாலும் அங்கேயே தங்கிவிடுவார்.

"மழை கொட்டுது அக்கா. செத்தவருக்கு மட்டும் நனையணும்னு ஆசையா?"

"உன் வாய்க்கு ஒருநாள் தையல் போடறேன் பாரு. ஏய் ஜெரலின், முதல்ல உன் அண்ணன் வாயைத் தை, அப்பறம் பட்டையைத் தை."

அண்ணன் சிரித்துக்கொண்டே போனான். இரண்டே முக்காலுக்கு அக்காவும் தன் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள். நான் மட்டும்.

வேலை ஓடியது. மூன்று நாள் எரிச்சல் ஒரே மணி நேரத்தில் குறைந்தது. வலது தோளில் ஒரு வளையம். இடது தோளில் ஒரு வளையம், இருபத்தாறு சென்டிமீட்டரில். இடுப்பில் இடப்பக்கம் ஒரு வளையம், பக்கத்தில் அண்ணனின் கத்தி உறை. பல் வெட்டிய அந்தத் தகட்டை நகர்த்த இரண்டு கையும் குறடும் வேண்டியிருந்தது. மூன்று இருபத்தைந்துக்கு முடித்தேன். பின்கட்டில் முகம் கழுவப் போனேன்.

கிளிங்.

திரும்பி வந்தபோது மூன்று முப்பத்தொன்று. வலது தோளில் இரண்டு வளையம் இருந்தன. இடது தோள் காலி.

என்னைத்தான் திட்டிக்கொண்டேன். தூக்கமில்லாத கண், இடது வலது மாறிவிட்டது. பட்டையை உருவி, மறுபடி கோத்து, குறடால் இறுக்கி, அளந்து வைத்தேன். இருபத்தாறு.

மூன்று ஐம்பத்தெட்டு. நூல் எடுக்க அலமாரி பக்கம் திரும்பினேன்.

கிளிங்... கிளிங்.

மறுபடி வலது தோளில் இரண்டு. அதே இடம். நடுவில் நான்கு விரல் இடைவெளி, முன்பு இருந்த அதே நான்கு விரல். பட்டையின் நுனி ஈரமாக இருந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தேன். அங்கே ஒழுகவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பயப்பட வேண்டிய நேரம் அதுதான். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று நாள் நாயாக அலைந்து, கடைசியில் நல்ல சாமான் கிடைத்தால் அதுவும் என்னோடு விளையாடுகிறதா? வளையத்தை இடது தோளில் வைத்து, நகரவே முடியாதபடி தைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மெஷினில் பாதி ஓடும்போது, நான்கு பதினேழுக்கு, கரண்ட் போனது. மீதியைக் கையால் தைத்தேன். மெழுகு நூல், இரட்டைத் தையல். நான்கு நாற்பதுக்கு முடிச்சுப் போட்டேன்.

பின்கட்டுக்குப் போய் ஜெனரேட்டரை இழுத்தேன். நான்கு நிமிடம்.

விளக்கு எரிந்தது. நான்கு நாற்பத்துநான்கு.

மேசையில் நூல் கிடந்தது. அறுத்த நூல் இல்லை. ஒரு கண்ணிகூட அறாமல் முழுசாகப் பிரித்து, சுருட்டி வைத்த நூல்.

வளையங்கள் எல்லாம் வலப்பக்கம்.

கத்தி உறையும் வலப்பக்கம். அதை மாற்ற வேண்டுமானால் பட்டை மொத்தத்தையும் உருவ வேண்டும். எனக்கே இருபது நிமிடம் ஆகும்.

பட்டையின் நுனியில் ஏதோ பள்ளம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை.

பல் தடம்.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் காலை ஏழு மணி கண் முன்னால் நின்றது. அண்ணனுக்கு இது இல்லையென்றால் எதுவும் இல்லை. பட்டையின் இடது முனையைப் பிடித்து இழுத்தேன், மறுபடி பிரிக்கலாம் என்று.

வரவில்லை.

மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

இரண்டு கையாலும் இழுத்தேன். அந்தப் பக்கம் ஒரே கைதான். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். பிடி ஒரே இடத்தில் இருந்தது...

என் இடது காதருகில் மூச்சு.

பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு. ஸ்ஸ்... ஸ்ஸ்...

என் இடது கை மரத்தது.

விட்டுவிட்டேன்.

"சரி," என்றேன். "உங்க இஷ்டம்."

கிளிங்.

மூச்சு நின்றது.

ஐந்து நாற்பதுக்கு டெலியா அக்கா வரும்வரை நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. "என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? முடிஞ்சுதா?" என்றாள். தலையாட்டினேன். நடந்ததைச் சொல்லவில்லை. என் தப்பு அதுதான்.

காலை ஆறு ஐந்துக்கு அண்ணன் வந்து மாட்டிப் பார்த்தான்.

"என்னடி இது, வலப்பக்கம் சந்தை கூடியிருக்கு?"

"அண்ணா, இதைப் போட்டுக்காதே."

"ஏன்?"

"அந்தப் பெரியவர்... மாத்திட்டே இருக்கார்."

என்னையே பார்த்தான். பிறகு தகட்டைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தான். ஒரு மயிரிழை நகரவில்லை. "இவ்வளவு கெட்டியா எவன் மாத்தினா எனக்கென்ன? கொரியக்காரன் இழுத்துப் பாத்து வாயடைச்சுப் போவான். படகு கெளம்பிடும், விடு" என்று ஓடினான்.

எட்டு பன்னிரண்டு. இது அண்ணனின் முக்குளிப்புக் கடிகாரத்தில் பதிவானது. முப்பத்துநான்கு மீட்டர் ஆழம். பாறையில் சிக்கிக் கிடந்த பழைய வலை அண்ணனின் இடப்பக்கம் முழுக்கச் சுற்றிக்கொண்டது. அதே நொடியில் இடது கை தோளிலிருந்து செத்துவிட்டது. வலிக்கவில்லையாம். கை இல்லாத மாதிரி இருந்ததாம். கத்தி வழக்கமான இடத்தில் இருந்திருந்தால் வலைக்குள் போயிருக்கும். அது வலப்பக்கம் இருந்தது. வலது கையால் எடுத்து அறுத்தான். விளக்கு, மாற்றுக் காற்றுக் குழாய், எல்லாமே வலது கைக்கு எட்டும் தூரத்தில். மேலே வந்துவிட்டான்.

செபு நகரத்தில், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தவர்களுக்கான அழுத்த அறைக்குள் ஆறு நாள் வைத்திருந்தார்கள். உயிர் மீதி. கை வரவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போய் அப்படியே நின்றுவிட்டன. அவ்வளவு வேகமாக அந்தக் கை மட்டும் ஏன் போனது என்று டாக்டருக்குப் புரியவில்லை. வழிகாட்டி வேலையும் போனது. இப்போது என்னோடு பட்டறையில் உட்காருகிறான்.

ஒரு மாதம் கழித்து கிரிசாந்தோவின் மனைவி வந்தார். இசிங் அம்மா. நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு அழைக்கவும், அந்தப் பால் டின்னை வாங்கிப் போகவும். அண்ணனின் கையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். என்னை வெளியே கூப்பிட்டார்.

"உன் அண்ணனுக்கு எப்ப இப்படி ஆச்சு, மா?"

சொன்னேன்.

"இவருக்கும் எடது கைதான்," என்றார். "பதினோரு வருஷமா செத்த கை. கடல்ல இருந்து சீக்கிரமா மேல வந்துட்டாரு, அன்னிக்கே போச்சு. ஒத்தக் கையும் பல்லும் வச்சுத்தான் எல்லா வேலையும். அந்தத் தகட்டுல பல்லு வெட்டினதெல்லாம் அதுக்கப்புறம்தான். மறுபடி முக்குளிக்கப் போறேன்னு சொல்லிட்டே இருந்தாரு."

வாசல் வழியே அண்ணனின் கையைத் திரும்பிப் பார்த்தார்.

"செத்ததும் குளிப்பாட்டினவங்க அந்த விரலை விரிக்கப் பாத்தாங்க. முடியல. ஜெபமாலைய வலது கையிலதான் சுத்தி வச்சோம். உன் அண்ணன் வந்துட்டுப் போன மறுநாள்தான் அடக்கம். அன்னிக்குக் காலையில கடைசியா ஒரு தடவை மூடியத் தெறந்தாங்க..."

சிலுவை போட்டுக்கொண்டார்.

"எடது கை விரிஞ்சு கெடந்துச்சு, மா. குழந்தை கை மாதிரி. ஜெபமாலை அதுல இருந்துச்சு."

"மணி என்ன இருக்கும்?" என்று கேட்டேன்.

"எட்டு மணிப் பூசை மணி அடிச்சு பத்துப் பன்னெண்டு நிமிஷம்."

டின்னை வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும் வழியில் ரொட்டிக் கடையில் நின்றதைப் பார்த்தேன்.

உள்ளே அண்ணன் ஒரு பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தான். வலது கையில் ஒரு முனை, பல்லில் மறுமுனை. அவனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

நான் மறுபடி அவன் பக்கம் திரும்பவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

கிளிங்.