அம்மாவுக்கு வாங்கிய நான்கு பாட்டில்கள்

அம்மாவுக்கு அரித்தது சோப்பினால் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவள் மார்பில் புற்று வளர்ந்துகொண்டிருந்தது.

நான் வேதியியல் படித்தவள். பாண்டிச்சேரி பக்கம் சோப்பும் ஃபேஸ்வாஷும் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரம் முழுக்க விடுதியில் இருந்துவிட்டு, சனிக்கிழமை மாலை திண்டிவனத்தில் பஸ் மாறிச் செஞ்சியில் இறங்குவேன். அப்பா, நான் நைனா என்று கூப்பிடுபவர், வண்டியோடு நிற்பார். எங்கள் ஊர் சிங்கவரம் போய்ச் சேர இருட்டிவிடும். அப்படி ஒரு வாரம் போன மறுநாள் காலையில், மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்.

"ஜாக்கெட்டுக்குள்ள ஒரே அரிப்பா இருக்குது பாப்பா. இந்த சோப்பு ஒத்துக்கலயா இன்னான்னு தெரியல."

"எத்தினி நாளா?"

"அது கெடக்குது, ஒரு மாசமா."

"எங்க, காட்டு" என்றேன். நான் காட்டச் சொன்னது சோப்பு உறையை.

உறையின் பின்பக்கத்தை அவளுக்குப் படித்து விளக்கினேன். எது அதிகமாக இருக்கிறதோ அதை முதலில் எழுதுவார்கள், போகப்போகக் குறையும். ஒரு சதவீதத்துக்கும் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். வாசனையும், கெட்டுப்போகாமல் காக்கும் பொருளும் பெரும்பாலும் அந்தக் கடைசி வரிகளில்தான் இருக்கும். இருப்பது துளிதான், ஆனால் சிலருக்கு அரிப்பைக் கிளப்ப அது போதும்.

அம்மா உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு சோப்புக்குள்ள இத்தினி பேரா? நம்ம ரேஷன் கார்டுலயே மூணு பேருதான்."

நைனா கூடச் சிரித்தார்.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். ஆறு கட்டங்கள்: பெயர், நுரைக்க வைக்கும் பொருள், கார அமில அளவு, வாசனை, பதப்படுத்தும் பொருள், அம்மா சொன்னது. கட்டி சோப்பு காரத்தன்மை உடையது, தோல் லேசான அமிலத்தன்மை உடையது, அதனால் முதல் வேலையாகக் கட்டி சோப்பை நிறுத்தச் சொன்னேன். முதல் பாட்டில் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. அதில் லாரில் சல்பேட் இருந்தது. நன்றாக நுரைக்கும், தோலின் எண்ணெயையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகும். "எரியுது" என்றாள். எழுதிக்கொண்டேன். இரண்டாவதில் சல்பேட் இல்லை, வாசனை இருந்தது. "பரவால்ல." மூன்றாவதில் வாசனையும் இல்லை. "கொறஞ்சிருக்குது." நான்காவதைத் தேடிப் பிடிக்க எனக்குப் பல நாள் ஆனது. தேங்காய் எண்ணெயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுத்த மென்மையான பொருள், தண்ணீருக்கு அடுத்த இடத்தில் கிளிசரின், சந்தேகப்படும்படி ஒன்றுமே இல்லாத பட்டியல். எங்கள் கூடத்திலேயே அதன் கார அமில அளவைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தேன்.

"இன்னாடி இது, நொரையே வரல? வடிச்ச கஞ்சி மாதிரி வழவழன்னு ஓடுது. குளிச்ச மாதிரியே இல்ல."

"நுரைக்கும் அழுக்கு போறதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"சரி. படிச்சவ சொல்ற."

அடுத்த வாரம் கேட்டபோது "நல்லா கொறஞ்சிருக்குது" என்றாள். அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன்.

அம்மாவுக்கு அதில் பெருமைதான். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தெரிந்த அக்கா ஒருத்தியிடம், "எம் பொண்ணு சோப்பு கம்பெனியில டெஸ்ட் பண்றவ. கண்ட சோப்ப என்ன தொட வுடறதில்ல" என்றாள்.

"அப்ப இனிமே மினுமினுன்னு ஆயிடுவ. வூட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாது போ."

அம்மா சிரித்தாள். சிரிக்கும்போது இடது கையை விலாவோடு அழுத்திப் பிடித்திருந்தாள். நான் அதைப் பார்த்தேன். இன்னொன்றும் பார்த்தேன்: நான்கு வாரத்தில் தீர வேண்டிய மூன்றாவது பாட்டில், இரண்டு மாதம் கழித்தும் பாதிக்கு மேல் இருந்தது. சிக்கனக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி துவைத்தேன். அம்மாவின் ஜாக்கெட்டில் இடது பக்கம் ஒரு பழுப்புக் கறை, ரத்தமும் நீரும் கலந்து காய்ந்தது போல. அடுத்த ஜாக்கெட்டை எடுத்தேன். அதே இடம். மூன்றாவதிலும் அதே இடம்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, செஞ்சியில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். திரைக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவர், நான் நீட்டிய நோட்டை மரியாதைக்கு இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு கோபம் எதுவும் இல்லாமல் கேட்டார்:

"சோப்பு உடம்பு பூரா தானேம்மா போடறாங்க? இந்த ஒரு எடத்துல மட்டும் ஏன்?"

நோட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ஆறு கட்டங்களில் எதிலும் 'எங்கே' என்று இல்லை. அம்மா கூச்சப்பட்டுக் காட்டவில்லை. நானும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. மார்புக் காம்பில், பார்ப்பதற்குச் சொறி மாதிரியே தொடங்கும் ஒரு புற்று உண்டு என்று பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குள் அது அக்குளுக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. முன்னாடியே வந்திருக்கலாமே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

வார்டில் ஒரு மதியம், அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது கேட்டேன்.

"எந்த பாட்டில்லயும் கொறயலதானே?"

"ம்."

"அப்புறம் ஏம்மா கொறஞ்சிருக்குதுன்னு சொன்ன?"

"நீ நோட்ட தொறந்து வெச்சிக்கினு என் மூஞ்சியவே பாப்ப. அவ்ளோ தூரம் பஸ்ல தூக்கியாந்தவகிட்ட இல்லன்னு எப்பிடி சொல்றது?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அது நல்ல சாமான்தான் பாப்பா. அதான் கைக்கும் காலுக்கும் போட்டு வீணாக்கல. அங்க மட்டுந்தான் போட்டேன்" என்றாள்.

பாட்டில் தீராததன் காரணம் அதுதான். மற்ற இடத்துக்கெல்லாம் பழைய கட்டி சோப்பு. எட்டு மாதம் அவள் அந்தப் புண்ணை மட்டும், நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மென்மையான திரவத்தால், தினமும் பக்குவமாகக் கழுவி வந்திருக்கிறாள்.

பொங்கலுக்கு முன் போய்விட்டாள்.

நான்கு பாட்டில்களும் குளியலறை ஜன்னலில் அப்படியே இருந்தன. எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நைனா குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"வீணா போவுதேன்னு அம்மாவோடத எடுத்துப் போட்டுக்கினேன். நொரையே வரல பாப்பா அதுல."

நுரைக்கும் அழுக்குக்கும், என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன் நைனா, எங்கனா அரிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"சட்டையக் கழட்டு. பாக்கறேன்."

அவர் சட்டையைக் கழற்றினார். வாசல் வெளிச்சத்தில் முதுகைக் காட்டி நின்றார். கழுத்திலிருந்து ஆரம்பித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிறகு முன்பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பி, நான் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டார்.