அட்டையைக் கிழித்த அக்கா

என் அக்கா லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுக்குமாடிகளில் கிரீஸும் கையுமாக நிற்பவள், ஞாயிறு மதியம் மட்டும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ராஜ்ஜியங்களை ஆள்வாள். விளையாட்டு இதுதான்: அவள் கதை சொல்வாள், நாங்கள் ஆளுக்கொரு தாளில் எழுதி வைத்த பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாடுவோம், செய்வது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எதிரிகளுக்கு அவளே உருட்டுவாள். அதில் எண் பெரிதாக விழுந்தால் எங்களுக்கு ஆபத்து. நான் மந்திரவாதி, எதிர்வீட்டு கூரியர்காரர் படைவீரன், மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஒற்றைக்கண் திருடன்.

கதை நடத்துவதில் அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. முடிவை முன்கூட்டி எழுதி வைக்கமாட்டாள். "நான் கதவு வச்சா நீங்க ஜன்னல் வழியாதான் போவீங்க. அப்ப ஜன்னலுக்கு வெளியேயும் கதை இருக்கணும்ல?" என்பாள். விதியில் சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே தீர்ப்பு. புத்தகத்தைப் புரட்டுவதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. யாராவது வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அவர் பக்கம் திரும்பி, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். நான் முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் புகுந்தால் ஒரு முறை முறைப்பாள் பாருங்கள், அப்பப்பா!

அந்தக் காத்திருப்பெல்லாம் மாமாவுக்காகத்தான். ஃபேக்டரியை மூடியதிலிருந்து மனுஷன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருடனாக மட்டும் வந்து பேசுவார். அந்தத் திருடன் செத்துப்போனால் மாமா ஒரேயடியாக முடங்கிவிடுவார் என்று அக்காவுக்குப் பயம். அதனால் தன் முன்னால் ஓர் அட்டையை நிறுத்தி, அதன் பின்னால் உருட்டினாள். எந்த எண் விழுந்தாலும் சரி, திருடனை நோக்கி வந்த வாளெல்லாம் குறி தவறும். அம்பெல்லாம் மரத்தில் குத்தும்.

எத்தனை நாளைக்கு? ஒரு ஞாயிறு மாமா அட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டார். "தப்பிச்சாச்சு!" என்று அக்கா சொல்லி வாய் மூடவில்லை, பகடை வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது.

"இங்கயும் என்னைப் பாவம் பாக்குறியா?" என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. எனக்கு அக்காமேல் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர்ல எல்லாரும் பண்றதை நீயும் பண்ணிட்டியே!" என்று கத்தினேன். அவள் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அட்டையை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அறை வாசலில் போய் நின்றாள்.

"இனிமே எல்லாரும் பாக்கத்தான் உருட்டுவேன். உங்க திருடன் செத்தா செத்ததுதான், காப்பாத்த மாட்டேன். வர்றீங்களா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமா வந்தார்.

அன்றைக்கே அந்தச் சோதனை வந்து தொலைத்தது. தொங்குபாலம், எதிரே வில்லோடு காவலன், குறி திருடன்மேல். அக்கா நடு மேசையில் உருட்டினாள். பகடை உருண்டு கூரியர்காரரின் டம்ளரில் மோதி நின்றது. இருபது. அதைவிட மோசமாக விழ முடியாது. மேசைக்கு அடியில் அக்காவின் காலை மிதித்தேன்: ஏதாவது சொல்லித் தொலையேன்! அவள் முகம் வெளுத்திருந்தது.

"செத்துட்டான்," என்றாள். "எப்படிச் செத்தான்னு நீங்க சொல்லுங்க."

மாமா பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார். மார்பில் தைத்த அம்போடு, அறுந்த பாலக் கயிற்றைத் திருடன் எப்படிக் கையில் சுற்றிப் பிடித்தான், எங்கள் இரண்டு பேரையும் எப்படித் திட்டித் திட்டியே அக்கரைக்கு விரட்டினான் என்று சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கூரியர்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். நான் அழுதேவிட்டேன்.

அக்கா அவர் கையைத் தொட்டாள். "கஷ்டமா இருக்கா?"

"செத்தது அவன்தானே? நான் இருக்கேன்ல," என்றார் மாமா. "புதுத் தாள் ஒண்ணு குடு."