முறிவின் கறுத்த பாதி

பிரெஞ்சுக்காரர்கள் போன புதிதில் காரைக்காலில் நான் பஸ் மெக்கானிக். வாராவாரம் நான் சோதித்து அனுப்பிய வண்டி ஒன்றின் அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை கோட்டுச்சேரி அருகே முறிந்தது. "காசிம் பாய் ஆளை அடைச்சு ஓட்டிட்டாருங்க" என்று டிரைவர்மேல் பழி போட்டேன். முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மறுநாள் பட்டையைக் கழற்றினேன். முறிந்த இடத்தில் பாதி புதிதாகப் பளபளத்தது. மறுபாதி துருவேறிக் கறுத்திருந்தது. மேடுபள்ளத்தில் வளைந்து வளைந்து நிமிர்ந்ததில் மாதக்கணக்காக விரிசல் வளர்ந்திருக்கிறது. சேற்றைத் துடைத்துப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

முதலாளியிடம் எடுத்துப் போய், "தப்பு என்னுதுங்க" என்றேன்.

காசிம் பாய் வேலைக்குத் திரும்பினார். "நீங்க பாத்து அனுப்புங்க தம்பி, நான் தைரியமா ஓட்டுறேன்" என்றார்.

எத்தனையோ வண்டிகளைச் சரிசெய்திருக்கிறேன். "தப்பு என்னுதுங்க" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதைவிட உருப்படியான வேலை எதுவும் செய்ததாகத் தோன்றவில்லை.