டீச்சரை ஊழியத்துக்கு அழைத்தது

எங்கள் தமிழ்ச் சபையில் ஆஸ்பத்திரி ஊழியம் தொடங்க முடிவானபோது, ஆள் சேர்க்கும் பொறுப்பைப் போதகர் என்னிடம் கொடுத்தார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் எங்கள் ஊர்த் தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலிறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். மலையாளம் தெரியாமல் எந்த வரிசையில் நிற்பதென்று திண்டாடுவார்கள். அவர்கள் கூட இருந்து, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் விரும்பினால் சேர்ந்து ஜெபிக்கலாம். அவ்வளவுதான் வேலை.

ஆராதனை முடிவில் அறிவித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்து ஒவ்வொருவராகக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கும் அண்ணன், வீட்டிலிருந்தே ஜெபத்தில் தாங்குவதாகச் சொன்னார். பாடகர் குழுப் பெண்களுக்குப் பாட்டுப் பயிற்சி இருந்தது. இளைஞர்கள் மலையாளத்தில் "நோக்காம்" என்றார்கள். பார்க்கலாம் என்று பொருள். எங்கள் ஊரில் முடியாது என்பதையும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் கேட்காமல் விட்டது டீச்சரை மட்டும்தான். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தனியாக இருந்தார். மைக் இரைந்தாலும் பிரசங்கம் நீண்டாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நோயாளிகளிடம் இவரை அனுப்புவதா என்று எனக்குப் பயம். போதகரும் தயங்கினார். ஆனால் வேறு ஆளில்லை. ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன்.

"வந்த காரியத்தச் சொல்லு மக்களே," என்றார்.

சொன்னேன்.

"இந்தச் சபைக்கு வந்த நாள் தொட்டு என்கிட்ட ஆரும் ஒண்ணும் கேட்டதில்ல. என் வாயப் பேடிச்சிருப்பாங்க, அவ்வளவு பயம். எப்ப வரணும்?"

முதல் நாள், கோவில்பட்டியிலிருந்து கணவனோடு வந்த ஒரு பெண் தூணோரமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கணவனை ஸ்கேனுக்கு உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். என்ன ஆறுதல் சொல்வதென்று நான் யோசித்து முடிப்பதற்குள் டீச்சர் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அழுகிறத அப்புறம் பாக்கலாம். காலையில வல்லதும் தின்னியா, ஒரு இட்லியாவது?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். கேன்டீனுக்குக் கூட்டிப்போய், இட்லி தீரும்வரை எதிரிலேயே இருந்தார். பிறகு டாக்டரிடம் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுத் தெளிந்து, அந்தப் பெண்ணிடம் தமிழில் சொன்னார். கணவனுக்குக் கிட்னியில் சின்னக் கல்தான், மருந்திலேயே போய்விடும். அவள் டீச்சரின் கையைப் பிடித்தவள், கணவன் வெளியே வரும்வரை விடவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் வழிநெடுக டீச்சர் கேன்டீன் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீச்சரே சபை வாசலில் போய் நின்றுகொண்டார். வர முடியுமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. செவ்வாயா வியாழனா என்றுதான் கேட்டார். சபையில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். ஒரு பையன் வழக்கம்போல "நோக்காம்" என்று நழுவப் பார்த்தான்.

"நோக்கினது மதி, போதும்," என்றார் டீச்சர். "செவ்வாயா, வியாழனா?"

அவன் செவ்வாய் என்றான். பின்னால் நின்ற தலைமைச் செயலக அண்ணன், கேட்பதற்கு முன்பே சனிக்கிழமை தனக்கு விடுமுறை என்று சொல்லிவிட்டார்.

இப்போது எல்லா நாளும் ஆளிருக்கிறது. பாடகர் குழுப் பெண்களுக்குள் வியாழக்கிழமைக்குத்தான் போட்டி. அன்றைக்கு டீச்சர் வருவார், வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி வாசல் கடையில் எல்லோருக்கும் சூடாகப் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கிக் கொடுப்பார். நானும் வியாழனுக்கு மாறிக்கொண்டேன்.