நீல மை வட்டம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இரும்பைச் சீவுவார்கள், மேலே நாங்கள் பழைய புகைப்படங்களைச் சீவுவோம். கறை, மடிப்பு, பூஞ்சை, பேனாக் கிறுக்கல், எதுவாக இருந்தாலும் என் கைக்கு வந்தால் போய்விடும். பத்தொன்பது வருஷமாக இதே பிழைப்பு. கணினியே தானாகச் சுத்தம் செய்கிற காலம் வந்த பிறகும், அது திணறுகிற படங்கள் என்னிடம்தான் வந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

பிலிப்பைன்ஸ் வேலை வந்தபோது அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆவடியில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் டாக்டருக்குப் படிக்க அங்கே போயிருக்கிறாள் என்பது மட்டும்தான். வேலை கொடுத்தவர்கள் மணிலாவில் ஒரு சின்னக் குழு. ராணுவச் சட்டம் இருந்த காலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, திரும்பி வராமலே போனவர்களின் குடும்பத்தார். இணையத்தில் ஒரு நினைவகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் தீவுகளின் வரைபடம் இருக்கும், அடியில் வருஷங்கள் ஓடும். ஒரு புள்ளியைத் தொட்டால் ஒருவருடைய முகம் திறக்கும். எங்கே படித்தார், யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊரில் கடைசியாகப் பார்த்தார்கள் என்று கீழே எழுதியிருக்கும். முகம் கிடைக்காதவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் வெறும் தலையும் தோளும்.

படக்குறிப்புகளைச் சரிபார்க்கிற சாக்கில் எனக்கும் அந்தச் சரித்திரம் கொஞ்சம் ஏறியது. நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜனாதிபதி. சிறைகளில் மாணவர்கள், பாதிரியார்கள், தொழிலாளர்கள். பல வருஷம் கழித்து ஜனங்கள் சாலையை நிறைத்து நின்றதும் அவர் குடும்பத்தோடு நாட்டை விட்டே ஓடினார். பிறகு அவருடைய மகனே ஓட்டு வாங்கி அதே நாற்காலிக்கு வந்தார். நடுவில் போன்களில் குட்டிக் குட்டி வீடியோக்கள் சுற்றின. அது பொற்காலம், யாரும் காணாமல் போகவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்றன அவை. அதனால்தான் இந்தக் குடும்பங்களுக்கு அவ்வளவு அவசரம். பெற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் அனுப்பியதில் ஒரு படத்தில் பதினொரு பேர். கல்லூரிப் படிக்கட்டில் மூன்று வரிசையாக நிற்கிற இளைஞர்கள். நடு வரிசையில் ஒரு தலையைச் சுற்றி யாரோ நீல மையால் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். மை பரவி, பக்கத்தில் நின்றவர் காது வரைக்கும் போயிருந்தது. கணினி அதைத் தொட்டாலே முகத்தையும் சேர்த்து மழுக்கியது. நான் கையால் எடுத்தேன். படத்தை எத்தனையோ மடங்கு பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக, இரண்டு நாள். மை தின்ற இடத்தில் தலைமுடி வரைந்தேன், காது வரைந்தேன். முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தபோது, இங்கே வட்டம் இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அனுப்பினோம். அழகாக இருக்கிறது என்று அவர்களும் ஒப்புதல் கொடுத்தார்கள். ஒப்புதல் வந்து ஒரு மாதமானால் மூலக்கோப்புகளை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அழித்தோம்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலை மணிலாவிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. திரையில் அறுபதை நெருங்கிய ஒரு பெண், ஆங்கிலத்தில் பேசினார். காணாமல் போனவரின் தங்கை. அண்ணனைக் கொண்டுபோனபோது அவருக்கு ஐந்து வயது. வட்டம் போட்டது அம்மா, அவர் இப்போது இல்லை. முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பக்கத்தில் வைக்கலாம் என்று கோப்பைத் திறந்தவர்கள், யாரை வெட்டுவது என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். நடு வரிசையில் தோளோடு தோளாக இரண்டு பேர். ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரே மாதிரி நெற்றியில் விழும் முடி. அச்சுப் படத்தைப் பார்க்கலாம் என்றால், புயலில் தங்கையின் வீட்டுக்குள் கடல் வந்து, பெட்டியோடு ஊறி அது கூழாகிவிட்டது. குழுவினரும் மை இருந்த பழைய ஸ்கேனை வைத்திருக்கவில்லை. படத்தில் நின்ற மற்றவர்களையும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த இரண்டு குடும்பங்களிலும் படத்தில் இருந்தவர் உயிரோடு இல்லை.

ஒரு தங்கைக்கு அண்ணன் முகம் தெரியாதா என்று எனக்குள் ஓடியதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"நாங்க எப்பவும் வட்டத்தைத்தான் தேடுவோம். வட்டத்தைப் பாத்ததும் அண்ணன்னு நினைச்சுக்குவோம். முகத்தை நான் சரியாப் பாக்கவே இல்லை," என்றார். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "அதைக் கடைசியாப் பாத்தது நீங்கதான். உங்க கையாலதான் எடுத்தீங்க. அது யாரைச் சுத்தி இருந்தது?"

இரண்டு நாள் அந்த மையோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அதன் நீலம் ஞாபகம் இருக்கிறது, ஒரு காது வரைக்கும் கசிந்தது ஞாபகம் இருக்கிறது. அது யார் காது, வட்டத்துக்குள் இருந்த ஆள் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மட்டும் ஞாபகம் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று இழுத்தேன்.

எங்கள் மேலாளர் என்னைவிடச் சின்னவர், பூந்தமல்லிக்காரர், நல்ல மனசு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, ஏதோ ஒண்ணைச் சொல்லிட்டு உடுங்க. அந்தம்மாவுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. யாருக்குத் தெரியப் போவுது?"

உண்மையில் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதுதான் என்னை அன்று முழுக்க அரித்தது. இடப்பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாளுக்கு அண்ணன் கிடைத்துவிடுவார். ஆனால் மற்றவர் எங்கோ பேரன் பேத்தியோடு உயிருடன் இருந்தால்? காணாமல் போனவர் என்று அவர் முகத்தைப் போட்டுவிட்டு, அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இதோ பார், எல்லாமே பொய் என்று நாளைக்கு ஒரு வீடியோ வந்தால்? மறுநாள் காலை சொன்னேன், எனக்கு நினைவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று. அவர் தலையை ஆட்டினார். ஏதோ ஒன்றைச் சொல்லி ஏமாற்றாததற்கு நன்றி என்றார். அதற்குப் பதில் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், படத்தில் போட்ட குறி என்றால் என்ன என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை. அப்பா ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எனக்கு மூன்று வயதில் செத்துப்போனார். கல்யாணப் படங்களைக் கரையான் தின்றுவிட, மிஞ்சியது அவர் பிரிவில் இருந்த இருபத்திரண்டு பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுதான். அதையே மாட்டி, கண்ணாடியின் மேல் அப்பா நிற்கிற இடத்தில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அப்பாவின் சிநேகிதர்கள் வந்தால், கை தவறி எனக்கு வெச்சிடாதீங்க அண்ணி என்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அந்த வீட்டில் வளர்ந்த நான்தான் இன்னொரு தாய் போட்ட குறியை அழுக்கு என்று எடுத்தவள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையும் வந்தது. அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு பொட்டு வைப்பது என் வேலை. கண்ணாடியைத் துடைத்தேன், விரலில் குங்குமம் எடுத்தேன். இரண்டாவது வரிசை, பெரிய காலர் வைத்தவருக்குப் பக்கத்தில் என்று கை தானாகப் போனது. அன்றைக்கு அதை நிறுத்தினேன். அம்மாவைப் போலவே நானும் பொட்டைப் பெரிதாகத்தான் வைப்பேன், நெற்றியும் புருவமும் மறைகிற அளவுக்கு. துடைத்த கண்ணாடிக்குப் பின்னால் ஒல்லியாக ஓர் ஆள் நின்றார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

அப்பாவுக்குப் புருவத்தில் என்ன தழும்பு என்று கேட்டேன்.

கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "வேலையில கம்பி தெறிச்சு பட்டுச்சு. நீ அப்போ வவுத்துல கீற. ரத்தம் ஒழுவ ஒழுவ ஊட்டுக்கு வந்தாரு," என்றாள். பிறகு, "ஏன், நீ பாத்ததே இல்லியா?"

நாற்பத்து நான்கு வருஷமாக அந்தப் படத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். பார்த்ததே இல்லை. விரலில் குங்குமத்தோடு படத்துக்கு இன்னும் கிட்டப் போனேன். அந்தத் தீவில் அந்த அம்மாள் இரண்டு முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் ஒரு காது நான் வரைந்தது.

"இன்னா இவ்ளோ நேரம், வெச்சிட்டியா?" என்றாள் அம்மா.

வைத்துவிட்டேன் என்றேன். முகத்தை விட்டு, அப்பாவின் சட்டைப் பையின் மேல் வைத்திருந்தேன்.