மாஷிக்காக வளர்த்த இலிஷ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சந்துக்குள் ஓர் ஆட்டோ வரும். கூரைமேல் கூம்பு மைக்கைக் கட்டிக்கொண்டு அவசரமே இல்லாமல் ஊர்ந்து வரும். நாளைக்குப் பத்து மணியிலிருந்து தண்ணீர் வராது, வியாழக்கிழமை போலியோ சொட்டு மருந்து, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று வார்டு ஆபீஸ் சங்கதிகளை ஒரு பெண் குரல் ராகம் போட்டுச் சொல்லும். நான் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆட்டோ அடுத்த சந்துக்குப் போன பிறகும் அந்தக் குரல் கனவுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். கனவிலேயே குழாயில் தண்ணீர் நின்றுபோகும். கனவிலேயே வரிசையில் நின்று வாயைத் திறப்பேன்.

"என்னட்டி சொல்லுதா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள்.

நான் கண்ணைத் திறக்காமலே தமிழில் சொல்வேன். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி நாங்கள் கல்கத்தாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பா விடிந்ததும் கார்டன் ரீச் பக்கம் போனால் இருட்டித்தான் வருவார். அம்மாவுக்குத் தெரிந்த வங்காளம் 'வாங்க, உட்காருங்க, டீ சாப்பிடுங்க' என்பதோடு சரி. நானோ தெருப் பிள்ளைகளோடு விளையாடியே அந்தப் பாஷையைப் பிடித்துவிட்டேன். ஆக, அரசாங்கம் எங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் என் வாய் வழியாகத்தான் நுழைய வேண்டும். ஏழு வயதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

செவ்வாய்க்கிழமைகளில் மாஷி வருவாள். அங்கே அம்மா வயதுப் பெண்களை மாஷி என்பார்கள். வீடு வீடாகப் போய்க் கொசு முட்டையிடும்படி தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் 'பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை' என்பதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடுவாள். எங்களுடையது இரண்டாம் மாடி, அதற்கும் மேலே மொட்டை மாடி. மாஷிக்கு முட்டி வலி. எங்கள் வீட்டுக்கு ஏறி வருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். அம்மா மேலே விரலைக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டுவாள். மாஷி அதை நம்பி உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். அம்மா பொய் சொல்லவில்லை. அவளும் மேலே போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த டீ நேரத்தில் மாஷி சொல்வதை அம்மாவும் அம்மா சொல்வதை மாஷியும் தெரிந்துகொண்டார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. எல்லாமே நடுவில் உட்கார்ந்திருந்த என் வழியாகப் போய் வந்தவைதான். மாஷி வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. அவளுக்கும் இது நிரந்தர வேலை இல்லை, கையெழுத்துப் போட்ட வீட்டில் ஒரு புழு கிடைத்தாலும் பெயரை அடித்துவிடுவார்கள். இதை நான்தான் அம்மாவுக்குச் சொன்னேன். என் வயதில் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். இந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் இலிஷ் மீன் வாசமே வரவில்லையாம், மகள் தினமும் கேட்கிறாளாம். எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவதில்லை. இருந்தாலும் அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் இலிஷ் இல்லாவிட்டால் எவ்வளவு துக்கம் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு வழியும் தெரிந்திருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய நீலப் பிளாஸ்டிக் டப் கிடந்தது. மழை அதை நிரப்பி வைத்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொள்வேன். தண்ணீருக்குள் மேகம் போகும், காகம் போகும். அவற்றுக்கு நடுவே நூல் நூலாகச் சின்னஞ்சிறு உயிர்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். என் நிழல் பட்டால் போதும், எல்லாமாக நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மூச்சை அடக்கிக் காத்திருந்தால் ஒவ்வொன்றாக மேலே வரும். அப்படிப் பார்த்துக்கொண்டே எத்தனையோ சாயங்காலங்கள் தூங்கியிருக்கிறேன். கன்னத்தில் சிமெண்டுத் தரையின் தடம் பதிந்திருக்கும்.

மாமா எங்களோடு இருந்தார், அம்மாவின் தம்பி. பேங்க் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி மொட்டை மாடிக்கு வந்து புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிடுவார். இது என்ன என்று அவரிடம்தான் கேட்டேன்.

"இதா? இலிஷ் குஞ்சுட்டி. துர்கா பூஜைக்குள்ள ஒரு முழம் வளந்துரும் பாரேன்" என்றார், கண்ணைச் சரியாகத் திறக்காமலே.

அன்றிலிருந்து அவை மாஷியின் மீன்கள். தினமும் இரண்டு பருக்கை சாதம் போட்டேன். சில நாள் எண்ணிக்கை குறையும். வளர்ந்தவை கடலுக்குப் போய்விட்டன என்று மாமா தேறுதல் சொன்னார். ஞாயிறுதோறும் மைக், தேங்கிய தண்ணீரில் கொசு பிறக்கும் என்று சொல்லத்தான் செய்தது. நானும் அதை அம்மாவுக்கு ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லத்தான் செய்தேன். ஆனால் வார்டு ஆபீஸ் கொடுத்த நோட்டீசுப் படத்தில் கொசு காக்கை அளவு இருந்தது, காலில் வெள்ளைக் கோடு வேறு. என் டப்பில் இருந்தவற்றுக்கு இறக்கையும் இல்லை, காலும் இல்லை. அந்த அறிவிப்பெல்லாம் கொசு வளர்ப்பவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர் வீட்டு அக்காவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள், ஆனால் அதற்குள் வார்டு ஆபீசிலிருந்து சூப்பர்வைசர் தெருவையே சோதனை போட வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாஷி மொட்டை மாடி ஏறினாள். அம்மாவோடு நானும் ஏறினேன், எனக்கு ஒரே குதூகலம். கடைசியில் மாஷி மேலே வந்துவிட்டாள், இப்போதே காட்டிவிடலாம்.

அவர் நேராகத் தொட்டிக்குப் பின்னால் போனார். வெள்ளைக் கரண்டியால் டப்பிலிருந்து ஒரு கரண்டி மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"முந்தா நாள்தானே கையெழுத்துப் போட்டிருக்கே? மேலே வந்து பார்த்தியா?" என்று மாஷியிடம் கேட்டார். மாஷி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அம்மா பக்கம் திரும்பினார், கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

அம்மா என் தோளை அழுத்தினாள். "ஏட்டி, மாஷி செவ்வாக்கிழமை மேல வந்து பாத்துட்டுத்தான் போனாவன்னு சொல்லு. டப்ப நாமதான் நேத்து வச்சோம்னு சொல்லு. சீக்கிரம் சொல்லு."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதிலும் இத்தனை நாள் சாதம் போட்டு வளர்த்ததை நேற்று வைத்தது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு வங்காளத்தில் தெளிவாகச் சொன்னேன். "மாஷி வந்து பார்த்ததாக அம்மா சொல்லச் சொல்கிறாள். மாஷி மேலே வந்ததே இல்லை, அவளுக்கு முட்டி வலி. மழை ஆரம்பித்ததிலிருந்து டப் இங்கேதான் இருக்கிறது. இது மாஷியின் இலிஷ். மாஷிக்காக நான் வளர்க்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் நோட்டில் எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு அவ்வளவு வங்காளம் புரியாது, ஆனால் மாஷியின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"எனக்கா, ஷோனா?" என்று கேட்டாள் மாஷி. அங்கே கண்ணே என்பதுபோல் குழந்தைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆமாம். பூஜைக்குள் பெரிசாகிவிடும்."

என் தலையை ஒரு தடவை தடவினாள். பிறகு சூப்பர்வைசர் கையைக் காட்டவும் அவளே குனிந்து டப்பைக் கவிழ்த்தாள். தண்ணீர் தளமெங்கும் பரவியது, என் மீன்கள் சூட்டுத் தரையில் நெளிந்து அடங்கின. நான் வீறிட்டு அழுதேன். மீனுக்காக அழுத அழுகையில் வேறு யார் முகத்தையும் பார்க்க எனக்கு நேரமில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமாவுக்குத்தான் ராத்திரி அப்பாவிடம் வசமாகக் கிடைத்தது. இரண்டு நாள் தட்டை விட்டுத் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஓர் இளைஞன் வந்தான். இரண்டு இரண்டு படியாகத் தாவி மொட்டை மாடிக்குப் போனான், இறங்கிப் போனான். டீ வேண்டாம் என்றான். மாஷி எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேற எடத்துக்கு மாத்திட்டாவ" என்றாள்.

மாற்றல் எனக்குப் பழகிய விஷயம். மாஷியும் பெட்டி படுக்கையோடு, இட்லிப் பொட்டலத்தோடு, இரண்டு நாள் ரயிலில் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மகளுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்திருக்குமே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த வாரமே அம்மா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு என்னை வார்டு ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். "தப்பு எங்க மேலதான். அவுகள மறுபடி எங்க தெருவுக்கே அனுப்புங்கன்னு கேளு" என்றாள். கேட்டேன், ஒரு சொல் பிசகாமல். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, மதராசிக் குழந்தை எவ்வளவு அழகாக வங்காளம் பேசுகிறது என்று மெச்சிக்கொண்டார். வரும் வழியெல்லாம் நான் குதித்துக்கொண்டே வந்தேன்.

பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும். டாலிகஞ்ச் மெட்ரோ பக்கத்தில், ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஒரு சாக்கின் மேல் எலுமிச்சம்பழம் குவித்துக்கொண்டு மாஷி உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். நான் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.

"எப்போ ஊரிலிருந்து வந்தீங்க? எங்க வீட்டுக்கு எப்போ வருவீங்க? புதுசா வர்றவர் டீகூடக் குடிக்கிறதில்லை."

"முட்டி வலிக்குதே, ஷோனா. இனி மாடி ஏற முடியாது" என்றாள் மாஷி. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அம்மா வந்து சேர்ந்தாள். சாக்கின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"ஏட்டி, மாஷிகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"என்ன சொல்லணும்மா?"

அம்மா கையிலிருந்த பழத்தைச் சாக்கில் வைத்தாள். "பழம் நல்லாருக்குன்னு சொல்லு."

சொன்னேன். மாஷி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பழம் நன்றாக இருக்கிறது என்றதற்கு இரண்டு பேரும் ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள் என்று நான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தோம். அடுத்த வாரமும் போனோம், அதற்கடுத்த வாரமும். எங்கள் சந்து முனையிலேயே எலுமிச்சம்பழம் விற்கும், அம்மா என்னவோ ஆட்டோ ஏறி டாலிகஞ்சுக்குத்தான் போவாள். ஊறுகாய் ஜாடிகள் அலமாரியை அடைத்தன. வாரத்தில் நான்கு நாள் எலுமிச்சம்பழச் சாதம்தான். அப்பாவும் மாமாவும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். நான் மட்டும் ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த வீட்டில் வேறு சாதமே செய்ய மாட்டீர்களா என்று கத்தினேன்.