வாசலில் கழற்றிய சப்பாத்து

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் நான் வயரிங் பயிற்சி நிலையம் நடத்தினேன். அரசாங்கம் கொண்டுவந்த புதிய தரவிதிகளுக்கு எங்களைத் தயார்ப்படுத்த ஓர் ஆலோசகர் வந்தார். ஒடிசலான மனிதர். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைப்பார்.

“அண்ணே, குறைய மறைக்காம சொல்லுங்க லா. அப்பதான் சரி பண்ண முடியும்.”

சொன்னேன். ஆசிரியர்கள் இருவரிடம் சான்றிதழ் இல்லை. பழுதான வயரிங் பலகைகளைப் பின்னறையில் துணிபோட்டு மூடியிருக்கிறோம்.

அடுத்த மாதம் ஆய்வுக் குழு வந்தது. அதிகாரியாக முன்னால் வந்தவர் அவரேதான். நேரே பின்னறைக்குப் போய்த் துணியை விலக்கினார். பிறகு அந்த இருவரையும் பெயர் சொல்லி அழைத்தார்.

“உங்கள நம்பித்தானே சொன்னேன்,” என்றேன்.

“நீங்க சொல்லலைன்னா எனக்கு எப்படிண்ணே தெரியும்?”

நிலையத்தை மூடிவிட்டேன். ஆய்வுக்கு வந்த அன்றும் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.